யூரியா ஊட்டத் தட்டை என்று வாங்கி அஞ்சு கிடாய் போச்சு

பக்ரீத்துக்குக் கிடாய் வளர்க்கிறவர்கள், கோடையில் சோளத்தட்டையை (கதிர் அறுத்த காய்ந்த தாள்) விலைக்கு வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம், மானாவாரிக் கரிசல். எட்டயபுரம் சந்தையில் முப்பத்திரண்டு வேம்பூர் இனச் செம்மறிக் கிடாய்க்குட்டி பிடித்து வந்து கட்டியிருந்தேன். உளுந்தம் பொட்டும் கடலைக்கொடியும் இருந்தவரை உடம்பு நன்றாகவே ஏறியது. மாசிக் கடைசியில் தீவனப் படப்பு தரைதட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தீவன வியாபாரி லோடு வண்டியில் வந்தார்.

"அண்ணாச்சி, இது யூரியா ஊட்டம் குடுத்த சோளத்தட்டை. இருபத்தோரு நாள் மூடி வச்சு எடுத்தது. பிண்ணாக்கே வேண்டாம்."

நறுக்கின தட்டை, மூட்டை 450 ரூபாய். பதினைந்து மூட்டை இறக்கினேன்.

அந்த முறை உண்மையானதுதான். 100 கிலோ காய்ந்த தட்டைக்கு 4 கிலோ யூரியா. அதை ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூட வேண்டும். அதற்குள் யூரியா அம்மோனியாவாக மாறித் தட்டையை இளக்கிவிடும். பிரித்து, காரநெடி போக ஆறவிட்டுத்தான் ஆட்டுக்குப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அதுவும் கூடாது. இந்த ஆள் அதில் எதையும் செய்யவில்லை. தட்டையில் யூரியாவை அப்படியே தூவி மூட்டை கட்டியிருக்கிறார்.

முதல் இரண்டு நாள் மிச்சக் கடலைக்கொடியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை அதே மூட்டையின் அடித்தட்டை முழுவதையும் தொட்டியில் கொட்டினேன். தின்றுவிட்டுத் தண்ணீரும் குடித்தன. அரை மணி நேரம்கூட இருக்காது, "ஏங்க, ஆடு நடுங்குது, ஓடி வாங்க" என்று வீட்டில் கத்தினாள். வாயில் நுரை, வயிறு ஒரு பக்கம் உப்பி நிற்கிறது, கால் விறைத்துச் சரிகின்றன. துள்ளுமாரி (ஆட்டைத் திடீரென்று சாய்க்கும் குடல் நச்சு நோய்) என்றுதான் முதலில் நினைத்தேன். கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்குப் போன் போட்டேன். டாக்டர் வந்து வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து ஊற்றச் சொன்னார். புரையேறாமல் ஒவ்வொன்றாக ஊற்றினோம். அதற்குள் அஞ்சு போய்விட்டது. செத்த ஒன்றை அறுத்து இரைப்பையைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கைப் பொத்த வைத்தது. "என்ன தீவனம் போட்டீங்க?" என்றார். காலி மூட்டையை உதறினேன். தையல் ஓரத்தில் சீனி மாதிரி வெள்ளைக் குருணை. வண்டி குலுக்கலில் யூரியா எல்லாம் அடிக்கு இறங்கியிருக்கிறது. அதைத் தின்றதும் வயிற்றுக்குள்ளேயே அம்மோனியாவாக மாறிவிட்டது.

வியாபாரிக்குப் போன் போட்டால், "உங்க ஆட்டுக்கு ஏற்கெனவே சீக்கு இருந்திருக்கும்" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. ரசீது கேட்டு வாங்காதது என் தப்பு. வாயில்லாப் பிராணி, நாம் போடுவதை நம்பித்தானே தின்கிறது? அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

சரியாக ஊட்டமேறிய தட்டை பழுப்பேறி, தொட்டால் மெத்தென்று இருக்கும், பிரிக்கும்போது நெடி அடிக்கும். எனக்கு வந்தது வெளிறிய மொடமொட தட்டை, நெடியே இல்லை. அதைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. இப்போது வெறும் காய்ந்த தட்டையாக வாங்கி நானே நறுக்கி, பொட்டோடு கலந்து போடுகிறேன். உடம்பு மெதுவாகத்தான் ஏறுகிறது, ஏறட்டும்.

மிச்சம் பதினாலு மூட்டையை ஆடு அண்டாத இடத்தில் தனியாகப் போட்டிருக்கிறேன். அந்த வண்டி இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நிறைய ஊருக்குப் போயிருக்கும். வாங்கினவர்கள் தொட்டியில் போடுமுன் மூட்டையை அடிவரை ஒரு கறுப்புத் தார்ப்பாயில் கொட்டி, வெள்ளைக் குருணை இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள்.