பந்தல் தொழிலுக்கு வின்டி செயலி உதவுமா?

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் பந்தல் போடுவது என் தொழில். தகரம், துணி மறைப்பு எல்லாமே காற்றுப் பிடிக்கிற சாமான். நாலு வருசமாகக் காலையில் காற்று, மழைக் கணிப்பைப் படமாகக் காட்டும் வின்டி செயலியைப் பார்த்த பிறகுதான் லொறியில் ஏற்றுகிறேன்.

காசு கட்டாமலே தேவையானது கிடைக்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றால் ஐரோப்பியக் கணிப்பையும் அமெரிக்கக் கணிப்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். இரண்டும் எங்கள் கரையையே காட்டினால் அந்த வாரம் பந்தல் கிடையாது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது அம்மா சின்னப் பிள்ளை. ஓலைக் கூரை பறந்த பிறகுதான் விசயம் விளங்கியதாம். இப்போது நாலைந்து நாளுக்கு முன்பே அவவுக்குப் படத்தைக் காட்டுகிறேன்.

எனக்கு அதிகம் உதவுவது 'கேப்' என்ற எண். இடிமேகம் எழும்ப ஆகாயத்தில் எவ்வளவு வலு இருக்கிறது என்று அது சொல்லும். 2500ஐத் தாண்டினால் கவனம். போன ஒக்டோபரில் ஒரு கல்யாண வீட்டில் காலையிலேயே அந்த எண் ஏறியிருந்தது. பக்க மறைப்புகளைக் கழற்றினேன். "என்ன மனே, வெயில் இப்படிக் கொளுத்துது, எதுக்குக் கழட்டுறாய்?" என்று வீட்டு அம்மா கேட்டார். பின்னேரம் மூன்றரைக்கு மேற்கே கறுத்தது. காற்று மறைப்பில்லாத பந்தலுக்குள்ளால் புகுந்து போனது. ஒரு தகரமும் கிளம்பவில்லை.

ஆனால் மினி சூறாவளியை இதில் தேடாதீர்கள். அது அடிக்கும் அகலம் சில நூறு மீற்றர்தான். ஐரோப்பியக் கணிப்போ நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும், ஒரு கட்டம் 9 கிலோமீற்றர். வலு இருக்கிறது என்று தெரியும், எந்தத் தெருவில் என்று தெரியாது. அதற்கு டொப்ளர் ரேடார் வேண்டும். மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்று அது பார்க்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் தெரிந்தால் மேகம் சுழல்கிறது. அமெரிக்காவில் சுமார் 160 ரேடார்களை வைத்து இப்படித்தான் டொர்னாடோ என்ற சுழல்காற்றுக்குப் பத்து நிமிசமளவு முந்தி எச்சரிக்கிறார்கள்.

பத்து நிமிசத்தில் பந்தலைப் பிரிக்க முடியாது. கீழே இருக்கிற சனத்தைக் கல்வீட்டுக்குள் அனுப்பலாம். சமையல் அடுப்பை அணைக்கலாம். எங்கள் நாட்டிலும் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இப்படியான ரேடார் அமைக்க 2017இல் ஜப்பானோடு ஒப்பந்தம் செய்தார்கள். பொத்துவில் ரேடாரின் படம் இந்தச் செயலியில் வருமென்றால் மாதாமாதம் காசு கட்டவும் நான் தயார்.