நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுபோன டிஸ்க் டிரைவ்

2024 ஜூனில் ஊருக்குப் போனபோது என் பெட்டியில் அக்காவுக்குப் பாதாம், அம்மாவுக்கு முழங்கால் பட்டை, இரண்டுக்கும் நடுவே சட்டையில் சுற்றி வைத்த ஒரு டிஸ்க் டிரைவ். டிவியில் விளையாடும் பிளேஸ்டேஷன் 5 என்ற சோனி மெஷினில், விளையாட்டு டிஸ்க்கைப் போட்டு ஓட்டுவதற்காக மாட்டுகிற கருவி அது. விலை 80 டாலர், நம் கணக்கில் 6,700 ரூபாய்க்குப் பக்கம். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை வீட்டில் அதைப் பிரித்து, மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த மெஷினில் இதை மாட்ட இடமே இல்லை.

நடந்தது இதுதான். அக்கா மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தான். முன்பே வாக்குக் கொடுத்திருந்தபடி அந்த மெஷினை வாங்க 50,000 ரூபாய் அனுப்பினேன். அத்தான் திருவனந்தபுரம் போய் ஒரு கடையில் கேட்டார். 54,990-க்கு ஒன்று, 44,990-க்கு ஒன்று என்றார்கள். கையில் இருக்கும் காசுக்கு இரண்டாவதுதான் சரி. மிச்சத்துக்கு ஒரு கால்பந்து விளையாட்டு டிஸ்க்கையும் அந்தக் கடையே எடுத்துக் கொடுத்தது. டிஸ்க் போட வழியில்லாத மெஷினோடு டிஸ்க்கை விற்றிருக்கிறார்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

"மாமா, டிஸ்க் போடவே இடம் இல்லியே" என்று பையன் போனில் சொன்ன குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டிஸ்க் போடாமல் டவுன்லோடு செய்து மட்டுமே ஆடுகிற டிஜிட்டல் எடிஷனை வாங்கிவிட்டார்கள் என்று புரிந்தது. சரி, பரவாயில்லை என்று நினைத்தேன். ஏனென்றால் ஸ்லிம் என்கிற புது மாடல் இந்தியாவுக்கு ஏப்ரல் 5-ஆம் தேதியே வந்துவிட்டது. அதில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மே மாதம் வாங்கியது ஸ்லிம்தானே இருக்கும்?

இல்லை. கடையில் தேங்கியிருந்த பழைய மாடல். 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கும் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவுக்கும் வந்த அந்தப் பெரிய உடம்புக்காரன். அதில் டிஜிட்டல் என்றால் கடைசிவரை டிஜிட்டல்தான், பின்னால் எதையும் சேர்க்க முடியாது.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அப்போது பழைய டிஜிட்டலின் விலையும் 44,990, ஸ்லிம் டிஜிட்டலின் விலையும் அதே 44,990. டிஸ்க் உள்ளதற்கு இரண்டிலும் 54,990. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரே பெயர், "ஸ்லிம்" என்ற சொல்லே அதில் இல்லை. விலையிலும் வித்தியாசமில்லை, பெயரிலும் இல்லை என்றால் ரப்பர் தோட்டத்தில் வேலை முடித்துவிட்டுப் பஸ் ஏறி வந்த மனிதர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது, யாராவது சொல்லிக் கொடுத்தால். பெட்டியின் ஓரத்தில் மாடல் எண் இருக்கும். சிஎஃப்ஐ (CFI) என்று தொடங்கி 10, 11, 12 என்று போனால் பழையது, 20 என்றால் ஸ்லிம். எண்ணுக்குப் பின்னால் ஏ என்றால் டிஸ்க் உண்டு, பி என்றால் டிஜிட்டல். பெட்டி கையில் இல்லாவிட்டால் மெஷினின் முன்பக்கத்தைப் பாருங்கள். பழையதில் ஒரு அகலமான யூஎஸ்பி ஓட்டையும் ஒரு சின்ன டைப்-சி ஓட்டையும் இருக்கும், ஸ்லிம்மில் இரண்டும் டைப்-சி. ஸ்லிம்மின் வெள்ளைத் தகடு பக்கத்துக்கு இரண்டாக, குறுக்கே வெட்டினாற்போல் இருக்கும். பழையதில் ஒரே தகடு. நினைவகமும் பழையதில் 825 ஜிபி, அப்போது வந்த ஸ்லிம்மில் 1 டிபி.

"டிஸ்க் எதுக்கு, எல்லாம் டவுன்லோடு பண்ணிக்கலாமே" என்று நகரத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய விளையாட்டு 100 ஜிபி வரும். வீட்டு இணைப்பில் 40 எம்பிபிஎஸ் விடாமல் கிடைத்தால்கூட ஐந்தரை மணி நேரம். அதைவிட முக்கியம் காசு. புது விளையாட்டு அப்போது 4,999 வரை போனது. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்துவிட்டு விற்கலாம், கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளலாம். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சின்னக் கடையில் பழைய டிஸ்க் 2,000-க்கு எடுத்தேன். கீறல் விழாமல் திருப்பிக் கொண்டுவந்தால் 1,500 தருகிறேன் என்றான் கடைப் பையன். டவுன்லோடு செய்ததை யாருக்கும் விற்க முடியாது. சோதிக்க வசதியாக அவன் கடையில் டிவி போட்டு வைத்திருக்கிறான். டிஸ்க்கை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினான். இந்தப் பயணத்தில் நான் பார்த்த நல்ல சேவை அதுதான்.

மற்ற கம்பெனிகளும் இதே கதைதான். நாகர்கோவிலில் ஒரு கடையில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேட்டால் ஒன் எக்ஸ் பெட்டியை எடுத்து வைக்கிறார்கள். அது 2017-இல் வந்த முந்தைய தலைமுறை. மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வரிசை அப்படி: 360, ஒன், ஒன் எஸ், ஒன் எக்ஸ், பிறகு 2020-இல் சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் கிடையாது, பின்னால் சேர்க்கவும் முடியாது. நின்டென்டோ என்ற ஜப்பான் கம்பெனி இந்தியாவில் நேரடியாகவே விற்பதில்லை. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருகிற அதன் ஸ்விட்ச் மெஷினில் லைட் என்கிற மாடலை டிவியோடு இணைக்க முடியாது. வாங்கி வந்த பிறகு வீட்டில் சண்டை. பெயர்க் குழப்பம் கம்பெனிக்கும் நல்லதல்ல. நின்டென்டோவின் வீ என்ற மெஷின் 10 கோடிக்கு மேல் விற்றது. அடுத்து 2012-இல் வந்த வீ யூவைப் பலர் அதன் துணைக்கருவி என்றே நினைத்தார்கள், அது ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை.

அமெரிக்காவிலேயே வாங்கி வந்திருக்கலாமே என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். டிஸ்க் உள்ள ஸ்லிம் அங்கே அப்போது 500 டாலர், நியூ ஜெர்சி வரியும் சேர்த்தால் சுமார் 44,500 ரூபாய். இங்கத்திய விலையைவிடப் பத்தாயிரம் குறைவு, சுங்கத்தில் அப்போதிருந்த 50,000 ரூபாய் வரம்புக்குள்ளும் வரும். கரண்டும் பிரச்சினையில்லை, பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடையாது. எங்கள் ஊர் இடி மின்னலை நினைத்தால் எனக்குத் துணிவு வரவில்லை.

நான் திரும்பிய பிறகு 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-இன் ப்ரோ மாடல் வந்தது. 700 டாலர், அதிலும் டிஸ்க் டிரைவ் தனி. வைஃபைக்கான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அனுமதி இல்லாததால் அப்போது அது இந்தியாவுக்கு வரவில்லை. அதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தத் திருவனந்தபுரம் கடைக் கதைக்கு வருகிறேன். அத்தானையும் பையனையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறினேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டித் தம்பானூரில் இறங்கும்வரை அத்தான் வாய் திறக்கவில்லை. "நான் கேட்டிருக்கணும் மாப்ளே" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்றான் விற்பனைப் பையன். பில்லைக் காட்டினேன். மாடல் எண் இல்லை, டிஜிட்டல் என்ற சொல்லும் இல்லை, "பிஎஸ்5 - 1" என்று மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே டிஸ்க். முதலாளி வந்தார், பொறுமையாகத் தமிழிலேயே பேசினார். நானும் குரலை உயர்த்தவில்லை. டிஸ்க் ஓடாது என்று தெரிந்தும் டிஸ்க்கை விற்றது எப்படி நியாயம் என்று மட்டும் கேட்டேன். கேரளத்தில் வாங்கிவிட்டுத் தமிழ்நாட்டில் என்ன செய்ய முடியும் என்று எல்லைப் பக்கத்து மக்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் முதலில் புகாரும் சொல்லலாம். இதை அவரிடமும் சொன்னேன்.

அவர் பில்லை இரண்டு முறை படித்தார். அத்தானைப் பார்த்தார். பெட்டி பிரித்ததற்கு 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஸ்லிம் டிஜிட்டலை மாற்றிக் கொடுத்தார். பில்லில் மாடல் எண்ணைத் தன் கையாலேயே எழுதினார்.

சாயங்காலம் வீட்டில் கீழ்ப்பக்கத் தகட்டைப் பையன் இழுத்துக் கழற்றினான். டிரைவை அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது. முதல் தடவை இணையத்தில் சேர்த்தால்தான் அது வேலை செய்யும். வைஃபை கடவுச்சொல்லை அடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. மழை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அக்கா காலிப் பெட்டியை மடியில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரத்து எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தாள். "இருபது, கடைசியில பி. சரிதானே?" என்றாள். ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. டிஸ்க் உள்ளே போகும் சத்தம் கேட்டதும் அத்தான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.