கார் ஸ்டுடியோ படம்: ராட்சத சாஃப்ட்பாக்ஸா, ஒற்றை எல்இடி டியூபா?

கார் பெயின்ட் கண்ணாடி மாதிரி. எதிரே இருக்கும் விளக்கு, சுவர், டிரைபாட் எல்லாம் அதில் தெரியும். அதனால்தான் எந்த விளக்கு என்ற இந்தக் குழப்பம்: துணி மூடிய பெரிய பெட்டி விளக்கான சாஃப்ட்பாக்ஸா, கையில் பிடித்து நடக்கும் குழல் விளக்கான எல்இடி டியூபா?

செலவு: காரைவிடப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் தொங்கும் ஸ்டுடியோ என்றால் வாடகையே கையைக் கடிக்கும். டியூபுக்கு இருட்டான ஷெட் போதும்.

நேரம்: சாஃப்ட்பாக்ஸைச் சாய்த்து, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு நேராக விழுந்ததும் ஒரே கிளிக். டியூபில் கேமரா ஷட்டரை 20 விநாடி திறந்து வைக்க வேண்டும் (ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/11). படத்தில் நாம் தெரியாமலிருக்கக் கறுப்புச் சட்டையோடு பானெட், கதவு, சக்கரம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்கோடு நடந்து, அப்புறம் அந்தப் படங்களை ஃபோட்டோஷாப்பில் ஒன்றாக அடுக்க வேண்டும். நடுவில் யாராவது காரில் சாய்ந்து அது அசைந்தால் படங்கள் பொருந்தாது, போச்சு!

கறுப்பு கார்: என் ஓட்டு டியூபுக்குத்தான். வேண்டிய வளைவில் மட்டும் ஒளிக்கோடு போடலாம்.

வரிசையாகப் பல மாடல் எடுக்கும் கேட்டலாக் வேலைக்கு சாஃப்ட்பாக்ஸ். ஆசைக்கு ஒரே கார் என்றால் டியூப்.