ரிக்வெஸ்ட் ஸ்கோப்பா, செஷன் ஸ்கோப்பா?

பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்திருந்த ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷனைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, தேடல் முடிவுகள், திறந்திருக்கும் ஆர்டரின் எண், பாதி நிரப்பிய படிவம் என ஏறக்குறைய எல்லாமே செஷனில், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் பல கோரிக்கைகளைத் தாண்டிச் சர்வர் வைத்திருக்கும் சேமிப்பில், கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை, ஒரே ஒரு கோரிக்கை (ரிக்வெஸ்ட்) முடியும்வரை மட்டும் வாழும் ரிக்வெஸ்ட் ஸ்கோப்புக்கு மாற்றினேன். அந்த முடிவு சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

ஸ்கோப் என்பது ஒரு மதிப்பு எவ்வளவு நேரம், யாருக்குக் கிடைக்கும் என்ற எல்லை. ஜாவாவில் வலைப்பக்கங்களை உருவாக்கும் ஜேஎஸ்பியில் பேஜ், ரிக்வெஸ்ட், செஷன், அப்ளிகேஷன் என நான்கு ஸ்கோப்புகள் உண்டு. பேஜ் ஸ்கோப் அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். அப்ளிகேஷன் ஸ்கோப் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது என்பதால், தொடக்கத்தில் ஒருமுறை ஏற்றிப் பிறகு வாசிக்க மட்டுமே செய்யும் நாணயக் குறியீடுகள் போன்றவற்றுக்கு ஏற்றது. பயனரின் தகவலை அங்கே வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதே தவறு, கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா கிளாஸான சர்வ்லெட்டின் இன்ஸ்டன்ஸ் மாறியாக (ஆப்ஜெக்டிலேயே தங்கிவிடும் மாறியாக) உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒரே சர்வ்லெட் ஆப்ஜெக்டை, ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் பல திரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால், ஒருவருக்காக எழுதிய மதிப்பை இன்னொருவரின் கோரிக்கை வாசித்துவிடும். ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங்கில் எல்லோருக்கும் ஒன்றே இருக்கும் சிங்கிள்டன் பீன்களிலும், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ் மாட்யூலின் மேல்மட்ட மாறிகளிலும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே உண்மையான போட்டி ரிக்வெஸ்டுக்கும் செஷனுக்கும் இடையில்தான். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஹெச்டிடிபி ஒரு கோரிக்கையிலிருந்து அடுத்ததற்கு எதையும் தானாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்தக் குறையைச் செஷன் மிக எளிதாகத் தீர்த்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் வைத்ததை எந்தப் பக்கத்திலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வசதியே பராமரிப்பில் பெரும் சுமையாகிறது. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்.

அந்த அப்ளிகேஷனில் ஒரு பயனர் 1041 என்ற ஆர்டரை ஒரு டேப்பில் திறந்துவைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 1058-ஐ இன்னொரு டேப்பில் திறந்தார். இரண்டு டேப்களுக்கும் பயனரை அடையாளம் காட்டும் குக்கீ ஒன்றே, ஆகவே செஷனும் ஒன்றே. ஆகவே செஷனில் இருந்த ஆர்டர் எண் 1058 ஆக மாறிவிட்டது. பிறகு முதல் டேப்புக்குத் திரும்பி முகவரியைத் திருத்திச் சேமித்தார். திரையில் 1041 என்றே இருந்தது; மாறியதோ 1058-இன் முகவரி. பிழைச்செய்தி இல்லை, லாகிலும் தடயம் இல்லை. காரணத்தைத் தேடியபோது, அந்த ஒரு மதிப்பை ஏழு இடங்களில் எழுதியிருந்தார்கள், ஓர் இடத்தில்கூட நீக்கவில்லை என்பது தெரிந்தது. ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் எங்கே எழுதினார்கள், எப்போது நீக்குவது என்ற கேள்விக்கே இடமில்லை: கோரிக்கை முடிந்ததும் மாறியும் போய்விடுகிறது, அதை வைத்தது யார் என்பதை அந்தக் கோரிக்கையின் பாதையிலேயே பார்த்துவிடலாம்.

நினைவகத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. ஜாவா வெப் அப்ளிகேஷன்களை இயக்கும் சர்வரான டாம்கேட்டில் செஷனின் இயல்பான காலாவதி 30 நிமிடம். லாக்அவுட் செய்யாமல் இரண்டே நிமிடத்தில் உலாவியை மூடிவிட்டுப் போனவரின் தகவலும் அதுவரை சர்வரில் கிடக்கும். ஒரு செஷனுக்கு 40 கேபி என்றால் 5,000 செஷன்களுக்கு ஏறக்குறைய 200 எம்பி. சர்வர்களுக்கிடையே செஷனைப் பகிர வேண்டியிருந்தால், உள்ளே வைக்கும் ஆப்ஜெக்டுகள் சீரியலைஸ் செய்யத்தக்கவையாகவும் (சேமிக்கவோ அனுப்பவோ கூடிய பைட்டுகளாக மாற்றத்தக்கவையாகவும்) இருக்க வேண்டும். புதிய பதிப்பில் கிளாஸ் மாறியிருந்தால் பழைய செஷனைத் திரும்பப் படிக்க முடியாமல் போகலாம்.

ரிக்வெஸ்ட் ஸ்கோப்புக்கும் விலை உண்டு. ஆர்டர் எண்ணைப் படிவத்தின் மறைவான புலத்தில் அனுப்பி, ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து ஆர்டரை எடுக்கிறோம்; அந்த எண்ணை யாரும் மாற்றி அனுப்பலாம் என்பதால், பயனருக்கு அந்த ஆர்டரைத் திருத்த உரிமை உண்டா என்பதையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறோம். ரீடைரக்ட் செய்தால், அதாவது உலாவியை வேறொரு முகவரிக்குப் புதிய கோரிக்கை அனுப்பச் சொன்னால், ரிக்வெஸ்டில் வைத்தவை மறைந்துவிடும். ‘சேமிக்கப்பட்டது’ போன்ற ஒரு வரிச் செய்திக்கு, ஒருமுறை வாசித்ததும் அழிந்துவிடும் ஃபிளாஷ் முறையையே நாட வேண்டியிருந்தது.

பல பக்கங்களாக நீளும் படிவங்களுக்கு ரிக்வெஸ்ட் மட்டும் போதும் என்று நான் வாதாடமாட்டேன். அதற்கென்றே ஆப்ஜெக்டுகளை உருவாக்கி இணைக்கும் ஜாவா வரையறையான சிடிஐயில், பல பக்கங்கள் நீளும் வேலை முடியும்வரை வாழும் கான்வர்சேஷன் ஸ்கோப் இருக்கிறது. அதை ஒரு சிறிய அப்ளிகேஷனில் மட்டுமே கையாண்டிருக்கிறேன், ஆகவே பெரிய சுமையின்கீழ் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் சொல்லை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

இப்போது எங்கள் செஷனில் பயனரின் அடையாள எண், மொழித் தேர்வு, வேறு தளங்கள் பயனரின் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், ஃபிளாஷ் செய்தி ஆகிய நான்கு மட்டுமே உள்ளன. அவற்றை எழுதுவதும் வாசிப்பதும் நீக்குவதும் ஒரே ஒரு கிளாஸின் வழியாகத்தான் நடக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புபவர், அதை எப்போது நீக்குவார் என்பதை அந்தக் கிளாஸிலேயே எழுதிய பிறகுதான் சேர்க்க முடியும்.