கொசுவம் தைக்காத யூட்டிலிட்டி கில்ட்: வாங்கும் முன் கவனியுங்கள்

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும், பின்பக்கம் கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை; அதன் பைகள் வைத்த பருத்தி வகைதான் யூட்டிலிட்டி கில்ட். அதை இணையத்தில் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். துணியைத் துவைத்தால்தான் குறை தெரியும்; துவைத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். இந்தக் கிடுக்கியில்தான் என் பணம் போனது.

தடித்த பருத்திக் கான்வாஸ், தைத்து இறக்கிய கொசுவம், உங்கள் அளவுக்கே தைத்துத் தருகிறோம் என்றெல்லாம் விளம்பரம் சொன்னது. இடுப்பு, பிட்டம், உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து அனுப்பினேன். ஜீன்ஸில் அச்சிட்டிருக்கும் எண் உண்மையான சுற்றளவு அல்ல என்பதால் அளந்தே ஆக வேண்டும். கம்பளிக் கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும்; யூட்டிலிட்டி கில்ட் பெரும்பாலும் அதற்குக் கீழே, ஜீன்ஸ் நிற்கும் இடத்தில் நிற்கும். அதையும் எழுதியே அனுப்பினேன்.

வந்த கில்ட்டின் விளிம்பு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. இடுப்புப் பட்டியில் என் அளவைக் குறித்த சீட்டுக்கு அடியில் ஆயத்த ஆடையின் அளவுச் சீட்டு இருந்தது. அன்றே எழுதிக் கேட்டேன். முதல் துவையலில் சுருங்கிச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது.

டிச் பட்டன்களை மூடி, உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைத்து, இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தொங்கவிட்டேன். பருத்திக் கில்ட்டுக்கு உரிய முறை அதுதான். உயரம் குறையவில்லை. பின்பக்கக் கொசுவம் முழுவதும் கலைந்து, சாதாரணப் பாவாடைபோல ஆகிவிட்டது.

ஒழுங்காகச் செய்த கில்ட்டில் கொசுவங்களை இடுப்புப் பட்டியிலிருந்து பிட்டத்தின் அகன்ற பகுதி வரை தைத்து இறக்கியிருப்பார்கள். கம்பளியைப் போலப் பருத்தி மடிப்பைப் பிடித்துவைக்காது. ஆகவே நல்ல தையற்காரர்கள் ஒவ்வொரு கொசுவத்தின் ஓரத்திலும் கீழ் விளிம்பு வரை தையல் ஓட்டுவார்கள். எனக்கு வந்ததில் பட்டிக்குக் கீழே ஒரே ஒரு தையல். மீதியெல்லாம் இஸ்திரி போட்டு நிறுத்திய மடிப்பு. டிச் பட்டன்களுக்குப் பின்னால் வலுவுக்கு வைக்கும் ஒட்டுத்துணியும் இல்லை. இரண்டாம் முறை திறந்தபோது ஒரு பட்டன் துணியோடு கிழிந்து வந்தது. சாமான்களைப் பையில் போட்டு நடக்க ஏற்ற உடையை இப்படியா தைப்பது?

புகார் செய்தால், துவைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். துவைக்கச் சொன்ன அவர்களது கடிதத்தையே காட்டினேன். தனி அளவில் தைத்ததற்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று பேச்சை மாற்றினார்கள். இது பச்சை ஏமாற்று. கடிதங்களையும், நாடாவை வைத்து எடுத்த படங்களையும் இணைத்து வங்கியில் முறையிட்டிருக்கிறேன். இன்னும் பணம் வரவில்லை.

வாங்கும் முன் பின்பக்கத்தின் உட்புறப் படத்தைக் கேளுங்கள். தையல் எதுவரை இறங்குகிறது என்று அதில் தெரியும். முன்பக்கப் படங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினால் அங்கே வாங்காதீர்கள். பார்சல் வந்ததும் கொசுவங்களை விரித்துப் பாருங்கள், பட்டன்களைத் திறந்து மூடுங்கள், சீட்டைப் பிரிக்காமல் படம் எடுங்கள். அளவு தவறியிருந்தால், அவர்கள் என்ன சொன்னாலும் தண்ணீரில் நனைக்காதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒன்று கையில் சிக்கியிருந்தால், துவைக்கும் முன் கொசுவங்களின் கீழ் விளிம்பைப் பெரிய ஓட்டுத்தையலால் பிணைத்துவிடுங்கள். லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டு, முழுதும் உலர்ந்த பிறகு அந்த நூலை உருவலாம். நிரந்தரமாக நிற்க வேண்டுமானால் தையற்காரரிடம் கொடுத்து ஓரத்தையல் போட்டுக்கொள்வதே வழி.