மேளக்காரர்களை நம்பிக் கூட்டிப் போகலாம்: கீழக்கரையில் ஒரு வீட்டு மெஸ்

பெயர்ப்பலகை கிடையாது. கீழக்கரையில் கடலைப் பார்த்து இறங்கும் தெருக்களில் ஒன்று, பச்சைக் கதவு போட்ட வீடு, அதன் முன்கட்டுதான் மெஸ். நடத்துகிற லாத்தா (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் பெயரையும் விலாசத்தையும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட்டம் சேர்ந்தால் சமைக்க ஆளில்லையாம். பஸ் ஸ்டாண்டில் எந்த ஆட்டோக்காரரிடமும் "மாசிச் சம்பல் போடுற வீடு" (மாசி என்றால் காய்ந்த மீன்) என்று கேளுங்கள், கொண்டுபோய் விடுவார்.

நான் மண்டபம் ஊரில் ரேடியோ செட், அதாவது நிகழ்ச்சிகளுக்கு மைக், ஸ்பீக்கர் போடும் தொழில், வைத்திருக்கிறேன். என் தொழிலில் மெஸ் என்றால் முதலில் பார்ப்பது வண்டி வாசல் வரை வருமா, சாமானை இறக்கி வைக்க இடம் உண்டா என்பதைத்தான். ருசி அப்புறம். ஜப்பானிலிருந்து தைகோ முரசு அடிக்கும் குழு ஒன்று வந்தபோது இந்த மெஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். மாலையில் பள்ளி மைதானத்தில் நிகழ்ச்சி. ஒன்பது பேர், கூடவே சென்னையிலிருந்து மொழிபெயர்க்க வந்த பெண். அவர்கள் ஊரில் வீட்டுக் கரண்டு 100 வோல்ட், நம்முடையது 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு சார்ஜரைக்கூடச் செருக விடாமல் காலையிலிருந்து காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முரசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய முரசு, அடிமரத்தைக் குடைந்து இரண்டு பக்கமும் மாட்டுத்தோலைப் போர்த்தி வரிசையாக ஆணி அடித்தது. தவில் மாதிரி வாரை இழுத்து முறுக்க முடியாது. பறையை நெருப்பில் காட்டுகிற மாதிரி காட்டவும் அவர்களுக்கு மனசு வராது. கடல்காற்றில் ஈரம் ஏறினால் அன்றைய நாதம் அவ்வளவுதான். லாத்தாவிடம் சொன்னேன். "காஞ்ச இடம்தானே வேணும் தம்பி, சாமான் ரூமுல வை" என்று அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

திண்ணையில் செருப்பைக் கழற்றச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஒன்பது ஜோடியும் வரிசையாக நின்றுவிட்டன, எல்லாம் தெருவைப் பார்த்து. நம் பையன்கள் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

முன்கூட்டிச் சொன்னால் இங்கே சகனில் போடுவார்கள். ஒரே பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவது. வந்தவர்களில் இரண்டு பேர் பெண்கள். எங்கே உட்கார விருப்பம் என்று லாத்தாவே கேட்டார்; உள்ளே சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டார்கள். ஆண்கள் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து கைகூப்பித் தலை குனிந்தார்கள். அது சோற்றுக்கு. பரிமாறிய பையன் தனக்கென்று நினைத்து அவனும் கைகூப்பினான்.

தொல்லை பிறகுதான் ஆரம்பித்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பது அவர்களுக்குக் குற்றம். காலித் தட்டைப் பார்த்தும் சோறு போடாமல் நிற்பது இந்த வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம். அவர்கள் துடைக்கத் துடைக்கப் பையன் கொட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாவது குவியலில் அவர்களுடைய தலைவர் முகம் வியர்த்து என்னைப் பார்த்தார். கையைக் குறுக்கே நீட்டி மறிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். பிறகு அதையே ஆட்டமாக்கிக்கொண்டு எல்லோரும் மறித்தார்கள்.

சாப்பாடு எப்படி? ஊளி மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், மாசிச் சம்பல், ரசம். கணவாய் மெத்தென்று இருந்தது. இந்தக் கரையில் பாதிக் கடைகளில் அது செருப்புத் தோலாகத்தான் வரும். மிளகாய் நம்ம ராமநாதபுரம் முண்டு, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. யார் வந்தாலும் லாத்தா காரத்தைக் குறைக்க மாட்டார், பக்கத்தில் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் வைப்பார், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் வந்தால் மிளகாயே இல்லாமல் வெந்நீரில் மீனைப் போட்டுத் தரும் ஓட்டல்களை நினைத்தால் இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கிறது. ரசம் மட்டும் சுமார், புளி தூக்கல். அதையும் அவர்கள் சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சினார்கள். நூடுல்ஸை அப்படி உறிஞ்சித்தான் பழக்கமாம். லாத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

சாப்பாடு முடிந்து முரசு எடுக்கப் போன ஜப்பான் பையன் ஒருவன் சாமான் ரூமிலிருந்து கத்தினான். தோல் கிழிந்துவிட்டதோ என்று ஓடினேன். அவன் மாசிச் சாக்குக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றான். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை போலக் காயவைத்ததுதான் மாசி. அவர்கள் ஊரிலும் இதே மீன், ஏறக்குறைய இதே பக்குவம், கட்சுவோபுஷி என்று பெயர்; சீவிப் போட்டுச் சாறு எடுப்பார்களாம். நாம் தேங்காய், சின்ன வெங்காயத்தோடு இடித்துவிடுகிறோம். ஒரு துண்டைச் சுவரில் தட்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சொன்னார் தலைவர். மேளக்காரர் புத்தி.

அதே நேரம் உள்ளேயிருந்து பெண்கள் கடல்பாசியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாலில் காய்ச்சி உறையவைத்து, சாய்சதுரமாக வெட்டியது. நோன்புக்காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். இது எங்கள் கன்டென், பாட்டி செய்வாள் என்றார் ஒருத்தி. அவளுக்குத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்: பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையில் இருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள், அதுதான் இப்படி உறைய வைக்கும் பாசி என்று. காலையில் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தி, 1914-இல் போட்ட பழைய ரயில் பாலத்தையும் பக்கத்தில் கப்பலுக்காக நடுப்பகுதியை மேலே தூக்கும் புதுப் பாலத்தையும் காட்டியபோதுகூட அவள் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

தலைவர் போனில் கடல் அட்டை படத்தைக் காட்டி, இது கிடைக்குமா என்றார். வீட்டுக்காரர் பாய் சிரிக்கவே இல்லை. 2001-இல் தடை வந்ததிலிருந்து அதைப் பிடித்தால் ஜெயில்தான், படத்தை மூடச் சொல்லுங்கள் என்றார்.

குறைகள் உண்டு. கை கழுவ ஒரே குழாய், பத்துப் பேர் போனால் கால்மணி நேரம் வரிசை. இன்வெர்ட்டர் இல்லை, கரண்டு போனால் விசிறிமட்டைதான். முந்தின நாளே சொல்லாவிட்டால் சகன் கிடையாது, தனித்தட்டில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது ஊளியைக் கேட்டு அடம்பிடிக்காதீர்கள், நாட்டுப்படகில் வந்த நகரை, காரல் போடுவார்கள், அதுவும் நல்லாவே இருக்கும்.

நாலு பேர் சகன் 1,100 ரூபாய், தனிச்சாப்பாடு 200. தொதல் வேண்டுமென்றால் வந்தவுடனே சொல்லிவிடுங்கள், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கிண்டிய அன்றைய தட்டு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு மேல் போங்கள். பெரிய வேன் என்றால் தெருமுனையில் நிறுத்தாமல் பின்னோக்கியே உள்ளே விடுங்கள், திருப்ப இடம் கிடையாது.