பென்ஃபோல்ட்ஸ் பின் 389: சிங்கப்பூர் வெக்கையில் ஒரு கேபர்னே கலவை

இங்குள்ள ஒயின் கடைகளில் தேடாமலே கிடைக்கும் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் இது. கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்தது. விகிதம் ஆண்டுக்காண்டு மாறும். கேபர்னே ஏறக்குறைய பாதி இருக்கும். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் இதை 1960இல் தொடங்கி வைத்தார். அந்த நிறுவனத்தின் உச்ச ஒயினான கிரேஞ்ச் ஊறிய அமெரிக்க ஓக் பீப்பாய்கள் சிலவற்றில் இதுவும் ஊறுவதால் ‘குட்டி கிரேஞ்ச்’ என்பார்கள். விற்பவருக்கு உதவும் பெயர். பீப்பாய் அதுவானாலும் பழம் வேறு.

கேபர்னே திராட்சை சிறியது, தோல் தடித்தது. சாற்றுக்குத் தோலும் விதையும் அதிகம், அதனால்தான் அத்தனை துவர்ப்பு. தனியாகக் குடித்தால் வாயில் பட்டதும் பழம், முடிவில் துவர்ப்பு, நடுவில் ஒரு வெறுமை. அந்த இடத்தைத்தான் ஷிராஸ் நிரப்புகிறது. பிரான்சின் போர்தோ ஒயின்களில் இதே வேலையை மெர்லோ என்ற திராட்சை மென்மையாகச் செய்யும். ஷிராஸ் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்கிறது.

மூக்கில் முதலில் பிளாக்கரன்ட் (ரைபீனா குடித்தவர்களுக்குத் தெரிந்த வாசம்தான்), லேசான புதினா, பிறகு ஷிராஸின் மிளகு. அமெரிக்க ஓக் தரும் வெனிலாவும் தேங்காயும் இளம் பாட்டிலில் தூக்கலாக நிற்கும். டிகாண்டரில் (ஒயினுக்குக் காற்றுப்பட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி ஒன்றரை மணி நேரம் விட்டால் அடங்கும். பத்தாண்டு தாண்டியதில் பதனிட்ட தோல், புகையிலை வாசம் வரும், அடியில் வண்டலும் சேரும். அந்தப் பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகச் சாய்த்து ஊற்ற வேண்டும்.

இங்கே இதைக் கெடுப்பது வெப்பம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. நம் வீட்டு 30 டிகிரியில் 14.5% ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழம் ஜாம் போலத் தெரியும். 16 முதல் 18 டிகிரி சரி: ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் போல, அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம். வெறும் ஐஸ் பாட்டிலை முழுக்கத் தொடாது, நேரம் பிடிக்கும். 12க்குக் கீழே போனால் துவர்ப்பு மட்டுமே மிஞ்சும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சீக்கிரம் சூடாகிவிடும்.

வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். கார்க் மேலே தள்ளியிருந்தாலோ பிசுபிசுப்பு வழிந்திருந்தாலோ பாட்டில் வெயில் பட்டது. திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டது. கடையில் திருப்பிக் கொடுக்கலாம். திருகு மூடி கிடைத்தால் அதுவே மேல். விலைக்கு வரியை மட்டும் திட்டுவதில் பயனில்லை. லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் இந்த 750 மில்லி பாட்டிலுக்குத் தீர்வை 9 வெள்ளி 57 காசு. அதோடு 9% ஜிஎஸ்டி. மலிவு ஒயினுக்கும் தீர்வை ஏறக்குறைய இதேதான்.

மட்டன் சுக்காவுக்கு இது அருமை. கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். காரத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள், ஆல்கஹால் அதை இரட்டிப்பாக்கும். மீன்தலைக் கறியோடு வேண்டவே வேண்டாம்: மீன் எண்ணெயில் ஒயினின் இரும்புச்சத்து பட்டால் உலோகச் சுவை, புளியில் பழம் காணாமல் போகும்.

மிச்சமிருந்தால் சின்ன பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். இளம் பாட்டிலாக இருந்தால் இரண்டாம் நாள்தான் நன்றாக இருக்கும்.